குறைச்ச எடையை அப்படியே வச்சிருக்கிறவங்க சொல்லுங்க

மலைக்கோட்டைக்காரி:
104 கிலோவிலிருந்து 71க்கு வந்தேன். இறங்கிட்டிருந்த காலத்துல ஆபீஸ்ல ஆளாளுக்கு டயட் சார்ட் கேட்டாங்க. 71ல நின்னதும் ஒருத்தரும் வாயே திறக்கல. நிக்கிறதுக்கும் அதே நடை, அதே அளவுச் சோறுதான். ஆனா மெஷின்ல நம்பர் மாறலைன்னா நாம சும்மா இருக்கோம்னு நினைச்சுக்கறாங்க.

சொந்தக்காரங்க கதை வேற. கல்யாண வீட்டுல பெரியம்மா காதோரமா, "என்னடி, சுகரா? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே"ன்னு கேட்டாங்க. அப்புறம் முழங்கால் வலியில நடை நின்னுபோய் ஒன்பது கிலோ ஏறிடுச்சு. அதே பெரியம்மா, "இப்பதான்டி மூஞ்சியில களை வந்திருக்கு"ன்னு நெட்டி முறிச்சாங்க! பாயசத்தையாவது வேண்டாம்னு சொல்லிடலாம், இந்தப் பாராட்டை என்ன பண்றது?

இன்னொண்ணு, என் தங்கச்சியும் நானும் இப்ப ஏறக்குறைய ஒரே எடை. அவ எப்பவுமே குண்டா இருந்ததில்ல. அவ சாப்பிடற அளவு நான் சாப்பிட்டா எனக்கு ஏறுது. டாக்டர்கிட்ட புலம்பினப்பதான் அமெரிக்காவுல 'த பிக்கெஸ்ட் லூசர்'னு எடை குறைக்கிற டிவி போட்டியில கலந்துகிட்டவங்க கதையைச் சொன்னார். 14 பேரை 6 வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு சோதிச்சு, 2016ல வெளியிட்டாங்க. ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் எடை திரும்ப ஏறியிருக்கு. அதுக்கப்புறமும், சும்மா படுத்திருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிற கலோரி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கம்மி. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு! அவங்க குறைச்சது அசுர வேகத்துல, எல்லாருக்கும் இவ்வளவு இருக்காதுன்னும் சொன்னார். இருந்தாலும் "உனக்கு வாய்க்கட்டு இல்ல"ன்னு இனி யாராவது சொன்னா நான் கேட்டுக்கறதா இல்ல.

கோவை குசும்பன்:
அக்கா, நான் ஸ்லீவ் ஆபரேஷன், அதான் எடை குறைய இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுக்கறது, பண்ணிகிட்டவன். "உனக்கென்னப்பா, வயித்தையே வெட்டியாச்சு"ம்பாங்க. முதல் வருஷம் பசின்னா என்னன்னே மறந்துபோச்சுங்க. அப்புறம் மெதுவா வந்துடுச்சு. இட்லி ஒண்ணரைக்கு மேல இறங்காது, ஆனா மிச்சரும் ஐஸ்கிரீமும் எவ்வளவு வேணா வழுக்கிட்டுப் போகும். எனக்கு ஏறினதெல்லாம் அந்த வழியிலதான்.

தாம்பரம் தோழி:
நான் செமாக்ளூடைட் ஊசி, பசியைக் குறைச்சு எடையை இறக்கற மருந்து. செலவு தாங்காம நிறுத்தினேன், சாப்பாட்டு நினைப்பு ராத்திரி பகலா திரும்பி வந்துச்சு. ஆராய்ச்சியில நிறுத்தினவங்களுக்கும் ஒரு வருஷத்துல, இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தினா பிரஷர் ஏறத்தானே செய்யும், இதுக்கு மட்டும் ஏன் நம்மளைத் திட்டறாங்க?

மலைக்கோட்டைக்காரி:
அதையேதான் எங்க டாக்டரும் சொன்னார். தம்பி, மிச்சர் டப்பாவை வீட்டுல எங்க வச்சிருக்கீங்க? எங்க வீட்டுல மாமியார் பீரோவுக்குப் போயிடுச்சு, சாவியும் அவங்ககிட்டதான்.