பதின்ம வயது லத்தீனோ பிள்ளைகளிடம் உடல்நலம் பேச நாடகம் உதவுமா?

கேள்வி:
கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த ஊரொன்றின் இளையோர் மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கு வருவோரில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். நீரிழிவு, மனச்சோர்வு குறித்த துண்டறிக்கைகளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்களே தவிர வாய் திறப்பதில்லை. ஆனால் பாட்டி சொன்ன லா யொரோனா என்னும் அழுகின்ற பெண் பேயின் கதையைக் கேட்டால் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொல்கிறார்கள். இந்த ஆர்வத்தை நாடகத்தின் பக்கம் திருப்ப எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
உங்கள் மாநிலத்திலேயே முன்னோடி இருக்கிறது. 1965இல் டெலானோ திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லூயிஸ் வால்டெஸ் தொடங்கிய எல் தியாத்ரோ கம்பெசினோ என்னும் நாடகக் குழுவில் தொழிலாளர்களே நடித்தார்கள்; லாரியின் பின்தளமே மேடை, பாத்திரத்தின் பெயர் எழுதிய அட்டை கழுத்தில். 'ஆக்தோ' என்னும் அந்தக் குறுநாடகங்களின் கதையைச் சொல்லியே தொடங்குங்கள்.

மறுமொழி 2:
பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு என்னும், பார்ப்பவரும் நடிக்க வரும் நாடக முறையைப் பரிந்துரைக்கிறேன். மருத்துவர் சொல்வதைத் தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டிய சிறுமி, கெட்ட செய்தியை மறைத்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சியைத் தோல்வியிலேயே முடித்துவிட்டு, மீண்டும் நடிக்கும்போது பார்ப்பவர் எவரும் 'நிறுத்து' என்று சொல்லி, அவளுடைய இடத்தில் நின்று வேறு வழியை நடித்துக் காட்டலாம். நான் நடத்திய பயிற்சிகளில், பெரியவர் ஒருவர் எழுந்து சரியான விடையைச் சொன்ன அந்த நொடியிலேயே பிள்ளைகள் அடங்கிப்போனதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே பிள்ளைகளே எழுந்து வரும்வரை தயவுசெய்து காத்திருங்கள்.

மறுமொழி 3:
நியூயார்க்கில் புவேர்த்தோ ரிக்கோ வழிவந்த சிறுவர்களுக்கு அவர்களுடைய நாட்டார் கதைகளைச் சொல்லி, நடிக்கவும் வைத்த 'குவெந்தோ' (ஸ்பானிய மொழியில் 'கதை') சிகிச்சை குறித்து 1986இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுடைய பதற்றம் குறைந்ததாகக் கூறியது. அதில் தாய்மாரும் பங்கேற்றனர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆனால் எந்தப் பிள்ளையையும் தன் சொந்தக் கதையைச் சொல்லும்படி கேட்காதீர்கள். குடியேற்ற ஆவணம் இல்லாத உறவினர் வீட்டில் இருக்கலாம். மேடையில் தவறிய ஒரு சொல் குடும்பத்தையே பாதிக்கும். கற்பனைப் பாத்திரமே பாதுகாப்பு.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மருத்துவமனைக் காட்சியிலிருந்தே தொடங்குகிறேன். வசனம் ஆங்கிலத்திலா, ஸ்பானிய மொழியிலா?

மறுமொழி 2:
இரண்டையும் கலந்து, அவர்கள் வீட்டில் பேசுகிறபடியே பேசட்டும். அம்மாவிடம் ஒரு மொழி, மருத்துவரிடம் இன்னொரு மொழி என்பதுதான் அந்தச் சிறுமியின் சிக்கலே.