பிரெஞ்சு மக்ரோன் (பாதாம் மாவு பிஸ்கட்) மேலே வெடிக்குது, கோல்டு பூச்சும் கரையுது. உதவுங்க!

மயிலை_பேக்கர்:
சென்னை, ஓடிஜி (மேலும் கீழும் சூடேத்துற ராட் இருக்கிற கரண்ட் ஓவன்). பாதாம் மாவு 100 கிராம், ஐசிங் சுகர் 100, முட்டை வெள்ளை 75, காஸ்டர் சுகர் 75. அரை மணி நேரம் காயவிட்டு 160 டிகிரியில 15 நிமிஷம். பின்வரிசை பூரா மேலே வெடிச்சு, ஃபீட்டே (அடியில எழும்புற சுருக்கு விளிம்பு) இல்லை. முன்வரிசை ஓரளவு தேவலை. தேறினதுல கோல்டு டஸ்ட்டை (தங்கக் கலர் பொடி) தண்ணியில குழைச்சுக் கோடு போட்டா, கோடு போட்ட இடம் பள்ளமாயிடுது. ஞாயித்துக்கிழமை அண்ணன் பொண்ணுக்குப் பிறந்தநாள் வேற.

ஓவன்_கலா:
ஒரே மாவு, ஒரே தட்டு, பின்வரிசை மட்டும் வெடிக்குதுன்னா மாவைத் திட்டாதீங்க. சூடுதான். மேல் ராடும் எரியுதா?

மயிலை_பேக்கர்:
ரெண்டும் எரியுது அக்கா.

ஓவன்_கலா:
கீழ் ராட் மட்டும் போதும், தட்டு நடு ரேக்குல. டயலை நம்பாதீங்க, 160-ன்னு காட்டிட்டு உள்ளே 180 இருக்கும். ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி 150-ல நிறுத்துங்க. ஃபீட் எழும்பினதும் தட்டை முன்பின்னாத் திருப்புங்க. காயவிடுறதுக்கு மணி பார்க்காதீங்க. விரல் வச்சா மாவு ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். நம்ம ஊர் ஈரக்காத்துல ஃபேன் பிரயோஜனமில்லை, ஏசி ரூம்ல வைங்க.

முத்துநகர்க்காரன்:
எங்க தூத்துக்குடி மக்ரூனும் முட்டை வெள்ளை, சர்க்கரைதான். பாதாமுக்குப் பதில் முந்திரி. அது கூம்பா நிக்கணும், அதனால நுரையை அமுக்க மாட்டோம். உங்களுதுக்கு நேரெதிர். மாவு கரண்டியிலிருந்து ரிப்பன் மாதிரி அறாம விழுற வரைக்கும் கலக்குங்க. பிழிஞ்சதும் தட்டை ரெண்டு தட்டு தட்டி, மிச்சக் குமிழியை ஊசியால உடைச்சுவிடுங்க.

ஐசிங்_அனு:
தண்ணி பட்டா சர்க்கரை கரையத்தானே செய்யும் சிஸ்! டஸ்ட்டை வோட்கால குழைங்க, சட்டுனு காஞ்சிரும். பிள்ளைங்களுக்குன்னா வேண்டாம், காஞ்ச பிரஷ்ல தொட்டுத் தடவினாலே மின்னும். டப்பாவுல ‘எடிபிள்’னு இருக்கணும். வெறும் ‘நான்-டாக்ஸிக்’னா அது அலங்காரத்துக்கு மட்டும், திங்கறதுக்கில்லை. மாவுக்கும் ஜெல் கலர்தான், தண்ணிக் கலர் ஊத்தாதீங்க.

மயிலை_பேக்கர்:
கீழ் ராட் மட்டும் போட்டேன். பின்வரிசைக்கும் ஃபீட் வந்துடுச்சு அக்கா! ஆனா அடி ஷீட்டோட ஒட்டுது.

ஓவன்_கலா:
வேகலை. ரெண்டு நிமிஷம் கூட விடுங்க, நல்லா ஆறின பிறகு எடுங்க. ஃபில்லிங் வச்சு ஒரு நாள் ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துடாதீங்க, வேர்த்து அனு சொன்ன பூச்செல்லாம் போயிடும்.