குறுக்கே இறக்கினால் பாதி சரி, பாதி தப்பு: வேதி வாய்பாடு எழுதுவதில் உதவி தேவை

கொழிஞ்சாம்பாறை அக்கா:
தம்பி ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. நான் பி.காம். என்னிடம் வேதியியல் கேட்டு அவனும் தவிக்கிறான், நானும் தவிக்கிறேன். அயனிச் சேர்மத்துக்கு (அயனி என்றால் மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டமாம்) வாய்பாடு எழுத, மின்சுமை எண்ணைக் குறுக்கே மாற்றிக் கீழே இறக்கினால் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாலும் அப்படித்தான் போட்டான்:

சோடியம் குளோரைடு: என்ஏசிஎல், சரி.
அலுமினியம் ஆக்சைடு: ஏஎல்2ஓ3, சரி.
காப்பர் சல்பேட்: சியூ2(எஸ்ஓ4)2, தப்பு.
கால்சியம் ஹைட்ராக்சைடு: சிஏஓஎச்2, தப்பு.

எங்கே இடிக்கிறது? (குறியீடுகளை உச்சரிப்பிலேயே அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அது குறுக்குவழிதான் அம்மா. உண்மையான கணக்கு, சுமைகளைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்பது. அலுமினியம் +3, ஆக்சைடு −2. இரண்டு அலுமினியம் +6, மூன்று ஆக்சைடு −6, தீர்ந்தது. காப்பர் இங்கே +2, சல்பேட் −2. ஒன்றுக்கு ஒன்றிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. தம்பி எழுதியதிலும் கூட்டினால் பூஜ்யம்தான். ஆனால் இந்தச் சேர்மங்களில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. படிகத்தில் அயனிகள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதைத்தான் வாய்பாடு சொல்கிறது. ஆகவே 2:2 என்பதை 1:1 ஆக்கி, சியூஎஸ்ஓ4 என்று எழுத வேண்டும். உள்ளே இருக்கும் 4-ஐ மட்டும் தொடக் கூடாது, அது சல்பேட்டின் உடம்பு.

அடுத்தது அடைப்புக்குறி. ஓஎச் என்பது ஒரே பொட்டலம், சுமை −1. கால்சியம் +2, அதனால் இரண்டு பொட்டலம் வேண்டும். அடைப்புக்குறி போடாவிட்டால் 2 ஹைட்ரஜனுக்கு மட்டும் போய்விடும். சிஏ(ஓஎச்)2 என்று எழுதச் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் தோப்புக்காரன்:
தம்பி தப்பு விட்ட இரண்டும் எங்கள் தோப்புச் சரக்கு! தென்னையில் குருத்தழுகலுக்கு அடிக்கும் போர்டோ கலவைக்குத் துருசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துருசுதான் காப்பர் சல்பேட். கடையில் கிடைக்கும் நீலக் கட்டியில் ஒரு சியூஎஸ்ஓ4-க்கு 5 தண்ணீர் மூலக்கூறு சேர்ந்திருக்கும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றினால் கிடைப்பது அந்த ஹைட்ராக்சைடு. பதநீர் புளிக்காமலிருக்கப் பானைக்குள் தடவுவதும் அதையேதான். துருசை இரும்பு வாளியில் மட்டும் கரைக்காதீர்கள், செம்பு படிந்து வாளி ஓட்டையாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
தோப்புக் கதையைக் கேட்டதும் பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்புறம் வேறு வம்பு. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் சுருக்குகிறான். சோடியம் பெராக்சைடு என்ஏ2ஓ2 என்று கைடில் இருக்கிறது, இவன் என்ஏஓ என்கிறான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல தப்பு! பெராக்சைடு அயனியே ஓ2தான், இரண்டு ஆக்சிஜனுக்கும் சேர்த்து −2. ஒட்டிப் பிறந்தவை, பிரிக்கக் கூடாது. சல்பேட்டின் 4 மாதிரி. சுருக்குவதற்கு முன் எது அயனி, எத்தனை அயனி என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
சல்பேட்டின் 4 என்றதும் பிடிபட்டுவிட்டது. அலுமினியம் சல்பேட்டை அவனாகவே ஏஎல்2(எஸ்ஓ4)3 என்று எழுதிக் காட்டுகிறான். சரிதானே ஐயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
+6, −6. சரி.