விதைநெல் எந்த வகுப்பு?

வரப்போரம்: நான் கட்டிவரும் புது மொழியில் பெயர்ச்சொல்லுக்கு இரண்டே வகுப்பு: உயிருள்ளது, உயிரற்றது. வினைமுற்று அதற்கேற்ப மாறும். ஆள், மாடு, மரம் ஒரு பக்கம். மண்வெட்டி, கல் மறுபக்கம். நெல்லில்தான் முட்டுப்பட்டு நிற்கிறேன். வயலில் நிற்கும்வரை உயிருள்ளது, சோறானால் உயிரற்றது என்று வைக்கலாமா?

பாலைமரம்: வேண்டாம் தம்பி. பொருளின் நிலை மாற மாற வகுப்பும் மாறினால் அது பெயர் வகுப்பே இல்லை. வட அமெரிக்காவின் ஒஜிப்வே மொழியைப் பாரும். கல் உயிருள்ள வகுப்பு. ராஸ்பெரியும் அப்படித்தான், ஸ்ட்ராபெரி உயிரற்றது. ‘பார்’ என்ற வினைகூட அதற்கேற்ப வடிவம் மாறும். பேசுகிறவர் பழத்தைத் தொட்டுப் பார்த்தா முடிவெடுக்கிறார்? சொல்லோடு வகுப்பும் சேர்ந்தே வருகிறது. பக்கத்திலுள்ள சிங்களத்தில் ‘இருக்கிறது’ என்று சொல்ல நாய்க்கு ‘இன்னவா’, மேசைக்குத் ‘தியெனவா’. மரம் எவ்வளவு பச்சையாக நின்றாலும் அதற்கும் ‘தியெனவா’தான்.

வரப்போரம்: அண்ணை, நீங்களும் விதைநெல் முளைக்கட்டியிருப்பீர்கள்தானே. ஒரு நாள் ஊறவிட்டு, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடிவைத்து, மறுநாள் உள்ளே கை விட்டால் சுடும். வெள்ளை முளை விரலில் தட்டுப்படும். அதை மண்வெட்டியோடு சேர்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பாலைமரம்: மனம் வராதது வேறு, இலக்கணம் வேறு. தமிழில் மாடும் நெல்லும் அஃறிணைதான். ஆனாலும் ‘மாட்டிடம் போனேன்’ என்கிறோம், ‘நெல்லிடம் போனேன்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. சாக்குக்குள் அது சுட்டாலும் சரி, சுடாவிட்டாலும் சரி.

குளக்கட்டு: ரஷ்ய மொழியில் இறந்தவரைக் குறிக்கும் ‘பகோய்னிக்’ உயிருள்ள பெயர். பிணத்தைக் குறிக்கும் ‘த்ரூப்’ உயிரற்ற பெயர். செயப்படுபொருளாக வரும்போது இரண்டும் வேறு வேறு விதமாகத் திரியும். கிடக்கும் உடல் ஒன்று, சொல் இரண்டு. விதைநெல், அரிசி, சோறு என்று எங்களிடமும் தனித்தனிச் சொல் இருக்கிறதே. வகுப்பைச் சொல்லுக்குக் கொடும் தம்பி, பொருளுக்கு வேண்டாம்.

பாலைமரம்: சரி, அதை ஏற்கிறேன். ஆனால் விதைநெல் உயிருள்ளதென்றால், முளைக்காமல் மூட்டையில் கிடப்பதும் உயிருள்ளதுதான். பிறகு மாற்றக்கூடாது.

வரப்போரம்: மாற்றமாட்டேன். அப்புறம், குளத்தையும் உயிருள்ள பக்கம் எழுதிவிட்டேன். மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்போது போய் நின்று பாருங்கள். ஒஜிப்வேயில் கல்லுக்கே இடம் உண்டென்றால் குளத்துக்கு ஏன் இல்லை?

பாலைமரம்: அங்கே கல்லை அப்படி வைத்தது தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த சனம். இங்கே வைப்பது நீர் ஒருவர். குளம் உயிருள்ளதென்றால் வாய்க்கால் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம்? முதலில் அதை எழுதும்.