அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப் உறைகிறது: முதலில் பழைய கர்னலா, லாகா?

திரைக்கீறல்:
லினக்ஸில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனதும் டெஸ்க்டாப் உறைகிறது, ஜன்னல் ஓரங்களில் கோடு கோடாக வருகிறது என்று யார் கேட்டாலும் இரண்டு பதில்கள் உடனே வந்து விழுகின்றன. "கிரப் மெனுவில் பழைய கர்னலை எடுங்கள்" என்பது ஒன்று: கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில், இயங்குதளத்தின் மையமான கர்னலின் முந்தைய பதிப்பைத் தேர்வது. "லாகைப் போடுங்கள், பிறகு பேசலாம்" என்பது மற்றொன்று: லாக் என்பது கணினி எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவு. எதை முதலில் செய்வது, ஏன் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

பழங்கர்னல்:
இதுல யோசிக்க என்ன இருக்கு? பழைய கர்னல்தான். பூட் ஆகும்போது பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்டை அழுத்திப் பிடிக்கணும், புது யூஇஎஃப்ஐன்னா எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டணும். ரெண்டு தடவை தட்டினா கிரப் கமாண்ட் வரியில போய் நிக்கும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள்ள முந்தைய எண் இருக்கும். உபுண்டு, டெபியன்ல வழக்கமா முந்தையது ஒண்ணாவது மிஞ்சியிருக்கும், ஃபெடோரா மூணு வரை வச்சிருக்கும். எதையும் அழிக்கல, எதையும் மாத்தல, ரெண்டு நிமிஷ வேலை. ஓடுச்சுன்னா கோளாறு கர்னல்லதான் இருக்கு. ஓடலன்னா மேசாவுல (திரையில வரையிற கிராஃபிக்ஸ் நூலகம்), இல்லன்னா டெஸ்க்டாப்புல. இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

வேர்முனையம்:
சோதனை சுலபம்தான் நண்பரே, முடிவுதான் தவறு. ஒரே அப்டேட்டில் கர்னல், லினக்ஸ்-ஃபர்ம்வேர், மேசா, டெஸ்க்டாப் நான்கும் சேர்ந்து வரக்கூடும். ஃபர்ம்வேர் கோப்புகள் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் நிரல்கள்) எல்லாக் கர்னல்களுக்கும் பொது. பழைய கர்னலில் ஏறினாலும் புது ஃபர்ம்வேர்தான் ஏறலாம். மாறாக, அந்தப் பழைய கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் (எழும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) மறுபடி கட்டப்படாமல் இருந்து கிராஃபிக்ஸ் டிரைவர் அதிலிருந்தே ஏறினால், உள்ளே இருக்கும் பழைய ஃபர்ம்வேர் வரும். அப்போது "பழைய கர்னலில் ஓடியது" என்பதற்குக் காரணம் கர்னலாகவும் இருக்கலாம், ஃபர்ம்வேராகவும் இருக்கலாம். இது தெரியாமல் கர்னல் மீது பழி போட்டுப் பிழை அறிக்கை எழுதினால் யாருக்கும் பயனில்லை.

முதலில் அப்டேட்டில் என்னென்ன மாறியது என்று பாருங்கள். உபுண்டு, டெபியனில் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக். ஃபெடோராவில் "டிஎன்எஃப் ஹிஸ்டரி இன்ஃபோ". ஆர்ச்சில் /வார்/லாக்/பேக்மேன்.லாக். பட்டியலில் கர்னலே இல்லை என்றால் கிரப் மெனுவுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது, உறைவு எந்த வகை? பவர் பட்டனில் கை வைக்குமுன் இவற்றைப் பாருங்கள். கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா? கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் உரைத்திரை வருகிறதா? வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் போட்டால் பதில் வருகிறதா? எஸ்எஸ்ஹெச் வருகிறது, திரை மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கர்னல் உயிரோடு இருக்கிறது. கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரிலோ, ஜன்னல்களை ஒன்றாக்கித் திரையில் காட்டும் கம்போசிட்டரிலோ. அங்கிருந்தே லாகை எடுத்துவிடலாம். எதற்கும் பதில் இல்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து "ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே". முந்தைய பூட்டின் கர்னல் செய்திகள் மட்டும் வரும், கடைசி 50 வரிகளைப் படித்தால் பெரும்பாலும் போதும்.

பழங்கர்னல்:
படிக்க அங்க ஏதாவது இருக்கணுமே சார். லாகை எழுதுற ஜர்னல்டி இயல்பா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் எழுதினதை வட்டுல உறுதியா இறக்கும். கிரிட்டிக்கல், அலெர்ட், எமெர்ஜென்சி செய்தி வந்தா மட்டும் உடனே. முழு உறைவுல பவர் பட்டனை அழுத்தினா கடைசி நேரத்துச் செய்திகள் போயே போச்சு. அதுக்கு மேல, சில மெஷின்ல /வார்/லாக்/ஜர்னல் டைரக்டரியே இருக்காது. அப்போ லாக் ரேம்லதான் இருக்கும், -பி -1 போட்டா முந்தைய பூட்டே கிடையாதுன்னு சொல்லும். வெறும் கையோட நிக்கிறதுக்கு மெஷினை ஓட வைக்கிறது மேல்.

வேர்முனையம்:
அதனால்தான் பவர் பட்டன் கூடாது என்கிறேன். ஆல்ட்+சிஸ்ஆர்க்யூவைப் பிடித்துக்கொண்டு எஸ் அழுத்தினால் நினைவில் தேங்கியிருப்பது வட்டுக்கு இறங்கும். லாகும் அதில் அடக்கம். பல விசைப்பலகைகளில் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டன்தான் சிஸ்ஆர்க்யூ. பிறகு யூ, பிறகு பி. இடையில் சில வினாடிகள் விடுங்கள்.

எல்லாரும் "ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி" என்று மனப்பாடமாக எழுதுகிறார்கள், உபுண்டுவில் முதல் மூன்றும் வேலை செய்யாது. அங்கே எந்த விசைகளுக்கு அனுமதி என்று சொல்லும் கர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பு 176, அதாவது 128+32+16: ரீபூட் (பி), வட்டை வாசிக்க மட்டும் மவுண்ட் (யூ), வட்டுக்கு இறக்கும் சிங்க் (எஸ்). கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி தரும் இயல்பு மதிப்பு 16. அது அப்படியே இருக்கும் ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் எஸ் மட்டும்தான் கேட்கும், ரீபூட் ஆகாது. எஸ் அழுத்திவிட்டுப் பிறகு பவர் பட்டனை அழுத்துங்கள், லாக் தப்பிக்கும். ஜர்னல் டைரக்டரி இல்லையென்றால் அதை உருவாக்கி ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்தால் போதும், அடுத்த உறைவிலிருந்து பதிவு மிஞ்சும்.

ஆர்ச்வாசி:
இருவரும் கர்னல் இரண்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். ஆர்ச்சில் அப்டேட் முடிந்தால் பழையது இருக்காது. பழங்கர்னல் வழி அங்கே வேண்டுமானால் நீண்ட காலம் பராமரிக்கப்படும் கர்னலான லினக்ஸ்-எல்டிஎஸ் பேக்கேஜைப் பிரச்சினை வருமுன்பே போட்டு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி-யில் இருக்கும் பழைய கோப்பை "பேக்மேன் -யூ" கொடுத்து இறக்கலாம். என்விடியா டிரைவர் இருந்தால் அதையும் ஜோடியாகவே இறக்க வேண்டும். "பேக்மேன் -எஸ்ஒய்" போட்டு ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் மேலேற்றாதீர்கள். மேசா புதிது, அது தேடும் எல்எல்விஎம் நூலகம் பழையது என்று ஆகி, டெஸ்க்டாப் எழும்பாமலே போகும்.

பழங்கர்னல்:
என்விடியாவுக்கும் என் வழிதான். புது கர்னலுக்கு டிரைவர் மாட்யூல் (கர்னல்ல செருகுற துண்டு) கட்டப்படலன்னா பழசுல ஓடும்.

வேர்முனையம்:
கட்டப்படவில்லை என்றால் உறைவு வராது, வேறொன்று வரும். ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைக் கட்டும் கருவி டிகேஎம்எஸ், "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" போட்டுப் பாருங்கள். புது எண்ணுக்கு எதிரே "இன்ஸ்டால்ட்" இல்லையென்றால் பெரும்பாலும் மாட்யூல் கட்டத் தேவையான, அந்தக் கர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லாததுதான் காரணம். அப்போது திறமூல டிரைவரான நூவோ ஏறும், அல்லது சிபியூவே திரையை வரையும். "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி" கொடுத்தால், சிபியூ வரையும்போது ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்று நிற்கும். ஜன்னலை இழுத்தால் திக்கித் திக்கி வரும், அதைத்தான் பலர் "உறைகிறது" என்று எழுதுகிறார்கள். ஹெடர்ஸ் போட்டு மறுபடி கட்டினால் தீரும் வேலை அது.

டிரைவரும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஹெடர்ஸ் இருக்கும் பழைய கர்னலுக்கும் டிகேஎம்எஸ் பெரும்பாலும் புது டிரைவரையே கட்டியிருக்கும். பழைய கர்னலில் ஏறினாலும் அதே புது டிரைவர்தான். உங்கள் சோதனை அங்கே எதையும் பிரித்துக் காட்டாது. லாகில் என்விடியா டிரைவரின் பிழைக்குறியான "எக்ஸ்ஐடி" என்ற சொல்லைத் தேடினால் எண் கிடைக்கும்: 79 என்றால் மதர்போர்டோடு இணைக்கும் பஸ் என்ற பாதையிலிருந்தே கார்டு விழுந்துவிட்டது. மின்சாரம், சூடு, ஸ்லாட் என்று வன்பொருளையும் பார்க்க வேண்டும், அப்டேட்டை மட்டும் திட்டிப் பயனில்லை. கார்டு பழையது என்றால் இன்னொன்று: மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா என்ற மூன்று கார்டுத் தலைமுறைகளுக்கும் 580 டிரைவர் வரிசைதான் கடைசி. அதைத் தாண்டி அப்டேட் போயிருந்தால் கார்டு டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

எல்லாம்சரி:
எதுக்கு இவ்வளவு? கிரப்ல நோமோட்செட்ங்கிற ஆப்ஷனைப் போட்டா போதும், உறையாது.

ஆர்ச்வாசி:
உறையாது, ஏனென்றால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறாது! நோமோட்செட் உள்ளே நுழைந்து பழுது பார்க்க மட்டும். அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டு "இப்போது மெதுவாக இருக்கிறது" என்று அடுத்த கேள்வியோடு வருகிறார்கள்.

லேப்டாப் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஎஸ்ஆர், அதாவது பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ். திரையில் மாற்றம் இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பேனலே பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. அது சொதப்பினால் அடையாளம் தெளிவாகத் தெரியும்: டெர்மினலில் தட்டிய எழுத்து வராது, மவுஸை அசைத்ததும் மொத்தமாக வந்து கொட்டும். கிரப் மெனுவில் ஏற வேண்டிய கர்னலின் வரி மேல் நின்று "இ" அழுத்துங்கள். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில், இன்டெல் என்றால் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியூ.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10 சேர்த்துக் கன்ட்ரோல்+எக்ஸ். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் அது இருக்கும். குணமானால் மட்டும் /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் எழுதி "அப்டேட்-கிரப்" கொடுங்கள், ஃபெடோராவில் அதற்குக் கிரப்பி.

திரைக்கீறல்:
கோடு கோடாக வருவதற்கும் இதே வழியா?

வேர்முனையம்:
கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தப் படத்தை வேறு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் வரையும் இடத்தில் தவறு: மேசா, கம்போசிட்டர், அல்லது அந்தச் செயலி. படம் சுத்தமாக இருந்தால் வரைந்தது சரி, திரைக்குப் போகும் வழியில் கெடுகிறது: பிஎஸ்ஆர், ரெஃப்ரெஷ் ரேட், கேபிள், பேனல். பழங்கர்னல் சொன்ன சோதனையை விட இது சீக்கிரம் முடியும், ரீஸ்டார்ட்டும் தேவையில்லை.

பழங்கர்னல்:
அது நல்ல யோசனைதான், ஒத்துக்கிறேன். ஆனா வரையிற இடத்துல தப்புன்னா மேசா ஷேடர் கேஷை (வரையிற சின்ன நிரல்களைச் சேமிச்சு வச்சிருக்கிற இடம்) அழிச்சாலே போதும், ~/.கேஷ்-க்குள்ள மேசா_ஷேடர்_கேஷ்னு தொடங்குற டைரக்டரி.

ஆர்ச்வாசி:
அழித்தால் நட்டமில்லை, பெரும்பாலும் லாபமும் இல்லை. மேசா தன் பில்டு அடையாளத்தை வைத்துத்தான் கேஷைத் தேடுகிறது. புது மேசா பழைய கேஷைத் தொடாது. செயலிகள் தனியே வைத்திருக்கும் கேஷ்தான் ஆபத்து. 2023இல் உபுண்டுவில் மேசா அப்டேட்டுக்குப் பிறகு குரோம் ஜன்னல் குழம்பியதற்கு அதன் ஜிபியூகேஷ்தான் காரணம், அதை அழித்ததும் தீர்ந்தது. ஒரே ஒரு செயலியில் மட்டும் குழப்பம் என்றால் அங்கே பாருங்கள்.

டெஸ்க்டாப் க்னோம் என்றால் எக்ஸ்டென்ஷன்களை முதலில் நிறுத்துங்கள். க்னோம் 45 வந்தபோது எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் சில உடைகின்றன. அவை க்னோம் ஷெல்லின் (டெஸ்க்டாப்பை நடத்தும் நிரல்) உள்ளேயே ஓடுவதால் ஒன்று தொங்கினால் ஷெல்லே தொங்கும். புதிதாக ஒரு யூசரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே உறையவில்லை என்றால் கர்னல், ஃபர்ம்வேர் பேச்சை ஓரம் கட்டிவிட்டு உங்கள் ஹோமில் இருக்கும் அமைப்புகளைத் தேடலாம்.

வேர்முனையம்:
யாரும் சொல்லாத ஒன்று: மவுஸ் நகர்கிறது, திறந்திருக்கும் ஜன்னல்கள் கொஞ்ச நேரம் வேலை செய்கின்றன, புதிதாக எதுவும் திறக்கவில்லை, லாகிலும் ஒன்றுமில்லை. அது திரைக் கோளாறு இல்லை, என்விஎம்இ வட்டு (எஸ்எஸ்டி வகை) மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிப்போய் எழவில்லை. வட்டே இல்லாதபோது சிஸ்ஆர்க்யூ எஸ்ஸும் உதவாது. ஏற்கெனவே திறந்து வைத்த டெர்மினலில் கர்னல் செய்திகளைக் காட்டும் "டிமெசெக் -டபிள்யூ" ஓடிக்கொண்டிருந்தால் "கன்ட்ரோலர் இஸ் டவுன்" என்ற வரி கண்ணில் படும். என்விஎம்இ_கோர்.டீஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0 என்பதைக் கிரப்பின் "லினக்ஸ்" வரியில் கொடுத்துச் சோதியுங்கள்.

பழங்கர்னல்:
சரி, இத்தனையும் பார்த்து கர்னல்தான்னு தெரிஞ்சா? கடைசியில என் இடத்துக்குத்தானே வரணும். லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்கை "ஆப்ட்-மார்க் ஹோல்டு" போட்டு அப்டேட் ஆகாம நிறுத்திட்டு நிம்மதியா வேலையைப் பாக்கலாம்.

வேர்முனையம்:
ஹோல்டு போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். போட்டதை மறந்து மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். புது கர்னல்கள் வரட்டும். ஓடுகிற கர்னல் இமேஜை மட்டும் அதன் முழுப் பெயரோடு "ஆப்ட்-மார்க் மேனுவல்" கொடுத்து வையுங்கள், தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் அதைத் துடைக்காது. அதோடு மாட்யூல்ஸ், மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ்களையும் அதே எண்ணில் சேருங்கள். எக்ஸ்ட்ரா போனால் சில டிரைவர்கள் காணாமல் போகும். கிரப்பில் டீஃபால்ட் மதிப்பை "சேவ்டு" ஆக்கி அந்தக் கர்னலைத் தேர்ந்து வைத்தால் தானாக அதில்தான் ஏறும். ஒவ்வொரு புது எண்ணையும் கையால் ஒருமுறை சோதிக்கலாம்.

பழங்கர்னல்:
வேலைக்குப் போற மனுஷன் ஒவ்வொரு எண்ணா சோதிச்சிட்டு இருக்க மாட்டான். ஹோல்டு போட்டுட்டு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு எடுக்கச் சொல்லி நாள்காட்டியில குறிச்சு வச்சா போதும்.

ஆர்ச்வாசி:
திருத்தம் தானாக வர வேண்டும் என்றால் யாராவது அறிக்கை கொடுக்க வேண்டுமே. ஓடிய எண், ஓடாத எண் இரண்டும் ஒரே ஸ்டேபிள் வரிசையில் இருந்தால் கிட் பைசெக்ட் (இடைப்பட்ட திருத்தங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் கோளாறானதைக் கண்டுபிடிப்பது) அவ்வளவு பெரிய வேலை இல்லை. இடையில் 300 திருத்தங்கள் என்றால் 9 சுற்று. முழு கான்ஃபிக் போட்டுக் கட்டினால் ஒவ்வொரு சுற்றும் நீளும். "மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்" இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும், நேரம் பெருமளவு குறையும். அதை ஓட்டுமுன் வெளித்திரை, டாக், ப்ளூடூத் ஹெட்செட், யூஎஸ்பி வட்டு என்று வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகி விடுங்கள். செருகாததற்கு மாட்யூல் கட்டப்படாது, வெளித்திரை வராததை உறைவு என்று எண்ணி அந்தச் சுற்றைத் தவறாக "பேட்" என்று குறித்துவிடுவீர்கள்.