ஈறில் ரத்தம்: ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா, செய்யாமல் விட்டால் ஆடுமா?

கடைவாய் கேட்டது:

பல் துலக்கித் துப்பும்போது எச்சில் இளஞ்சிவப்பாக வருகிறது. வலி இல்லை. கீழ்வரிசை முன்பற்களில், நாக்குப் படும் பக்கம், மஞ்சளாகக் கெட்டித் திட்டு. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை. பல் மருத்துவர் அளந்து கொடுத்த சீட்டில் பெரும்பாலான இடங்களில் 2, 3 என்று இருக்கிறது. கீழ் முன்பற்களில் 4. மேல் வலது முதல் கடைவாய்ப்பல்லில் மட்டும் இரண்டு இடத்தில் 6. வயது 41, புகைப்பழக்கம் இல்லை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சர்க்கரை சோதித்ததில்லை.

ஸ்கேலிங் (பல்லில் கெட்டிப்பட்ட திட்டைக் கருவியால் எடுப்பது) செய்தால் பல்லின் மேற்பூச்சான எனாமல் தேய்ந்து, இடைவெளி விழுந்து, பல் ஆடத் தொடங்கும் என்று சுற்றிலும் சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி? அந்த 6 என்ன சொல்கிறது? ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் விட்டு, உப்புநீரோ மவுத்வாஷோ கொப்பளித்தால் ஆறாதா?

வேர்நுனி:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் துலக்கினால் அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாப் படலம் அங்கேயே தடிக்கும். ஈறு இன்னும் வீங்கும், இன்னும் ரத்தம் வரும். 1965-இல் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிட்டது. ஆகவே அந்த இடத்தில்தான் மென்மையாக, ஆனால் கூடுதல் கவனத்தோடு துலக்க வேண்டும். முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும்.

எண்கள். நுனி மழுங்கிய அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்ல இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று பார்ப்பார்கள். இயல்பைவிட ஆழமான அந்த இடுக்கைத்தான் 'பை' என்கிறோம். பல்லுக்கு ஆறு இடம், வெளிப்பக்கம் மூன்று, உட்பக்கம் மூன்று. 3 வரை இயல்பு. 4 வந்தால் இரண்டில் ஒன்று: ஈறு வீங்கி மேலே ஏறியதால் ஆழம் கூடித் தெரிகிறது, அல்லது ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் இடமே வேர்ப்பக்கம் நகர்ந்துவிட்டது. முதலாவது பொய்ப்பை, சுத்தம் செய்தால் மறையும். இரண்டாவதில் எலும்பும் கரைந்திருக்கும்; கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. எது என்று பிரிக்கப் பல்லின் கழுத்துக்கோட்டிலிருந்தும் (எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோடு) அளக்க வேண்டும், எக்ஸ்ரேயும் வேண்டும். கீழ் முன்பற்களின் 4 பெரும்பாலும் முதல் வகையாகவே இருக்கும். நாக்கடி உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதால் படலம் சீக்கிரம் சுண்ணாம்பேறிக் காரையாகிறது.

6 வேறு கதை. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். அவை பிரியும் கவட்டை, கழுத்துக்கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளேயே இருக்கிறது. பை அதுவரை இறங்கினால் எந்த பிரஷும் அங்கே எட்டாது. வாய் முழுக்க நன்றாக இருந்து ஒரே பல்லில் மட்டும் ஆழம் என்றால் உள்ளூர்க் காரணம் தேட வேண்டும்: பிதுங்கி நிற்கும் பழைய ஃபில்லிங்கா, பல்லிடுக்கு தளர்ந்து உணவு சிக்குகிறதா, வேரில் விரிசலா, பல்லின் நரம்பு செத்து அங்கிருந்து சீழ் வழிகிறதா. நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று குளிர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்; சில நிமிட வேலை. இதைப் பார்க்காமல் வெறும் ஸ்கேலிங் செய்து அனுப்பினால் அந்தப் பல் ஆறாது, பழி மட்டும் ஸ்கேலிங் மேல் விழும்.

ஸ்கேலிங்கில் அல்ட்ராசோனிக் கருவியின் முனை வினாடிக்கு 25,000 தடவை அளவில் அதிரும், மேலே தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். முனையின் பக்கவாட்டை வைத்து நகர்த்தினால் எனாமல் போகாது. முனையைக் குத்தி ஒரே இடத்தில் நிறுத்தினால் வேர்ப்பரப்பில் கீறல் விழலாம், அது கைப்பிழை. இடைவெளி விழுவது உண்மைதான், ஆனால் அது புதிது இல்லை. அதுவரை அங்கே காரையும் வீங்கிய ஈறும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆடுவதும் அப்படியே: எலும்பு ஏற்கெனவே குறைந்த பற்களைக் காரை சிமெண்ட் போலப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் உள்ள நிலை வெளியே தெரிகிறது. அழற்சி வடிந்ததும் அந்த ஆட்டமும் பல நேரம் கொஞ்சம் குறையும்.

நடைமுறை இப்படி இருக்க வேண்டும்: முதலில் ஈறுக்கு மேலுள்ள காரையை எடுத்து, வீட்டில் துலக்கும் முறையைச் சரிசெய்வது. பிறகு ஆழமான பைகளில் மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வது. 8 முதல் 12 வாரம் கழித்து மறுபடி அளப்பது. அதற்கு முன் அளவுக்கம்பியை இறக்கினால் ஆறிக்கொண்டிருக்கும் இணைப்பைக் கிழிக்கத்தான் செய்யும். அப்போது 4-க்குள் வந்து, தொட்டால் ரத்தமும் வராவிட்டால் வெற்றி. 6 அப்படியே நின்று ரத்தமும் வந்தால் மறுபடி சுத்தம், அல்லது ஈறைத் திறந்து செய்யும் அறுவை.

நைலான்நார்:

வீட்டு வேலையைப் பற்றி. மென்மையான பிரஷ், சிறிய தலை. நார்களைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவு. பத்துப் பதினைந்து அசைவுக்குப் பிறகு அடுத்த இரண்டு பல். குறுக்கே ரம்பம் ஓட்டுவதுபோல் இழுப்பவர்களுக்குத்தான் பல்லின் கழுத்தில் பள்ளம் விழுகிறது. மொத்தம் 2 நிமிடம், நாளைக்கு இரண்டு முறை, அதில் ஒன்று படுக்கப்போகும் முன். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிரஷை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், படுக்கவைத்தால் அங்கே எட்டாது. ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். உள்ள பற்பசை, துலக்கிய பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசினால் ஃப்ளோரைடும் போய்விடும்.

பல்லிடுக்கில் பிரஷ் நார் நுழையாது. இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ்: பல்லைச் சுற்றி அணைத்து, ஈறுக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழும். இடைவெளி இருந்தால் இடைப்பல் பிரஷ்தான் சரி. கடைவாய்ப்பல் வேரின் பக்கங்களில் குழிவு உண்டு; ஃப்ளாஸ் அந்தக் குழிவின் மேல் பாலம்போல் தாண்டிப் போகும், சின்ன பிரஷின் நார் உள்ளே இறங்கும். கம்பி உரசாமல், நார் மட்டும் லேசாக இறுகுகிற அளவு சரியான அளவு. பெரும்பாலானவர்களுக்கு வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படும். ஒரே அளவை எல்லா இடத்திலும் திணிப்பதால்தான் கம்பி வளைந்து உடைகிறது.

மருந்துச்சீட்டு:

அம்லோடிபினை யாரும் தொடவில்லை. இந்த வகை ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். நிஃபெடிபினில் கூடுதல், அம்லோடிபினில் குறைவு. வலிப்புக்கான ஃபெனிடோயினும் உறுப்பு மாற்றத்துக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும் இதையே செய்யும். பற்களுக்கு நடுவிலுள்ள முக்கோண ஈறுகள், முக்கியமாக முன்பற்களில், குண்டாகிக் கெட்டிப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். படலம் தேங்கினால் அந்த வளர்ச்சி மோசமாகும், சுத்தம் செய்தால் ஓரளவு அடங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்றுவதா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சர்க்கரையைப் பாருங்கள். 6 மி.மீ. பை இருக்கும் 41 வயதுக்காரர் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்காமல் இருப்பது சரியில்லை. 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லை நிலை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறு அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுப்படுவதும் கடினம்.

படிக்கும் மற்றவர்களுக்கு: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் ஸ்கேலிங்குக்காகத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம்; பல் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். செயற்கை இதய வால்வு இருந்தால் ஸ்கேலிங்குக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும், அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொப்பளிப்பு:

குளோர்ஹெக்சிடின் 0.2% மவுத்வாஷ், 10 மி.லி., ஒரு நிமிடம், காலையும் இரவும். ரத்தம் நின்றுவிடும். இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை.

வேர்நுனி:

நின்றதுபோல் தெரியும், காரை அப்படியே இருக்கும். கொப்பளிக்கும் திரவம் 6 மி.மீ. பையின் அடிக்குப் போகாது. தடித்த படலத்தின் உள்ளேயும் ஊடுருவுவது குறைவு. வேரைச் சுத்தம் செய்த பிறகு, துலக்க வலிக்கும் நாட்களில் துணையாக வைத்துக்கொள்ளலாம், இரண்டு வாரம் வரை. மாதக்கணக்கில் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் சுவை மாறும். பற்பசையிலுள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், ஆகவே துலக்கி அரைமணி நேரமாவது விட்டுக் கொப்பளிக்க வேண்டும். உப்புநீர், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி, இதமாக இருக்கும். அவ்வளவுதான்.

கடைவாய்:

விளக்கத்துக்கு நன்றி. இரண்டு சந்தேகம். ஸ்கேலிங்குக்குப் பிறகு கூச்சம் எத்தனை நாள் இருக்கும்? இன்னொன்று, புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தமே வருவதில்லை என்கிறார்களே, அது நல்ல அறிகுறியா?

நைலான்நார்:

காரை மூடியிருந்த வேர்ப்பரப்பு வெளியே வருவதால் கூச்சம். வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசை உதவும், ஆனால் உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும். குளிர்ச்சிபட்டு வந்த வலி நொடிகளில் போகாமல் நிமிடக்கணக்கில் நின்றால், அல்லது இரவில் தானாக வலித்தால், அது ஸ்கேலிங் கூச்சம் இல்லை, நரம்புப் பிரச்சினை.

வேர்நுனி:

புகை ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ரத்தம் வராது, ஈறும் வெளிறிக் கெட்டியாகத் தெரியும். உள்ளே எலும்பு கரைவது மற்றவர்களைவிட வேகம். விட்ட சில வாரங்களில் சிலருக்கு ரத்தம் வரத் தொடங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பிடிப்பவர்கள் உண்டு, வேண்டாம்.

மருந்துச்சீட்டு:

இதோடு சேர்த்து ஒன்று. துலக்காமலே தானாக ரத்தம் கசிவது, ஈறு திடீரென்று வீங்குவது, கூடவே காய்ச்சலோ உடம்பில் காரணமில்லாத கன்றிய தடங்களோ இருந்தால் முதலில் முழு ரத்த எண்ணிக்கைச் சோதனை, பிறகுதான் ஸ்கேலிங். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். தாடைக்கடியில் வீக்கத்தோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.