கன்டெய்னருக்குள் பெல்லெட் பாய்லர்: கதவை மூடினால் புகை திரும்புகிறது, எரிபொருளும் உப்பிப்போகிறது. உதவி தேவை

நீலமலை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஏறத்தாழ இருநூறு பேர் தங்கும் பயிற்சி விடுதி ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. குளியலுக்கும் சமையலறைக்கும் வெந்நீர் தந்துகொண்டிருந்த டீசல் ஹீட்டரை எடுத்துவிட்டு, பெல்லெட்டை, அதாவது மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு உருளைகளை, எரிக்கும் 100 கிலோவாட் பாய்லர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். சரிவான இடத்தில் செங்கல்லும் சிமென்ட்டும் இறக்கிக் கட்டடம் எழுப்புவது கடினம் என்பதால், பழைய 20 அடி கன்டெய்னர்கள் இரண்டை அருகருகே நிறுத்தி, ஒன்றில் பாய்லரையும் மற்றொன்றில் பெல்லெட்டையும் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே, குழாய்க்குள் சுழன்று பெல்லெட்டைப் பாய்லருக்குத் தள்ளும் ஸ்க்ரூ கன்வேயர் செல்கிறது. இப்போது இரண்டு தொல்லைகள்.

முதலாவது, மழைக்காகக் கதவை மூடிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் சாம்பல் கதவின் ஓரமாகப் புகை கசிகிறது, தீயின் நிறம் மங்கிச் செம்மஞ்சளாகிறது, பாய்லரைக் கவனித்துக்கொள்பவர் தலை வலிக்கிறது என்கிறார். கதவைத் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. உள்ளே வெப்பம் அதிகமாக இருந்ததால் பின்சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை முன்பே பொருத்தியிருந்தோம். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது, பனிமூட்டம் இறங்கிய இரவுக்கு மறுநாள் காலையில் எரிபொருள் கன்டெய்னரின் கூரையில் உட்புறமாக நீர் முத்துமுத்தாகக் கோத்து நின்று, பெல்லெட் குவியலின் மேல் சொட்டுகிறது. மேலடுக்கில் இருக்கும் பெல்லெட் உப்பி, கையில் எடுத்தாலே மாவாக உதிர்கிறது. அந்த மாவு ஸ்க்ரூவில் அடைத்துக்கொள்கிறது. பாய்லர் கொடுத்தவர்கள் பெல்லெட்டைக் குறை சொல்கிறார்கள், பெல்லெட் கொடுத்தவர்கள் எங்கள் சேமிப்பைக் குறை சொல்கிறார்கள். இடுக்குகளை எல்லாம் சிலிக்கோன் வைத்து அடைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தொங்கவிடலாமா என்று யோசிக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பெட்டிப்பட்டறை:

வணக்கம் ஐயா. சென்னையில் பழைய கன்டெய்னர்களை வாங்கி அலுவலகமாகவும் கடையாகவும் மாற்றித் தரும் பட்டறை எங்களுடையது. உங்கள் இரண்டாவது தொல்லையைக் கப்பல் சரக்குத் தொழிலில் கன்டெய்னர் மழை என்றே சொல்வார்கள். பகலில் உள்ளே சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். இரவில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கூரைத் தகடு வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அந்த ஈரம் தகட்டில் படிந்து சொட்டும். பெல்லெட்டின் தரம் எப்படியிருந்தாலும் இது நடக்கும். சரக்குப் பெட்டிகளில் காற்றுத் துளைகளை நாடா ஒட்டி அடைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பட்டைகளைத் தொங்கவிடுவது வழக்கம். நீங்களும் அதையே செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

ஒரு கேள்வி. பாய்லருக்கு அடியில் பழைய பிளைவுட் தரை அப்படியே இருக்கிறதா? அது 28 மில்லிமீட்டர் மரம், அதுவும் பூச்சிமருந்து ஏற்றியது. சாம்பல் அள்ளும்போது கங்கு விழும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

கொதிகலன்:

நீலமலை ஐயாவுக்கு வணக்கம். திருப்பூரில் சாயப்பட்டறைப் பாய்லர்களைப் பார்த்துவரும் பொறியாளர் நான். பெல்லெட்டைப் பிறகு பார்ப்போம். தலைவலிதான் முதலில் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காரணம் தெரியும்வரை கதவை மூடிக்கொண்டு யாரையும் உள்ளே நிற்கவிடாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பாய்லர் முழு வேகத்தில் எரியும்போது மணிக்கு ஏறத்தாழ 26 கிலோ பெல்லெட் செலவாகும். நன்றாக எரிவதற்காகக் கூடுதலாக விடும் மிகைக்காற்றையும் சேர்த்தால் கிலோவுக்குப் பத்து கிலோ காற்று வீதம், மணிக்கு 260 கிலோ காற்று வேண்டும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிந்தது; திருப்பூரில் 225 கன மீட்டரில் கிடைக்கும் அதே எடைக் காற்றுக்கு உங்கள் ஊரில் 265 கன மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவே 33 கன மீட்டர்தான். அதாவது, பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதையும் ஏழெட்டு நிமிடங்களுக்கு ஒருமுறை பாய்லர் குடித்துத் தீர்க்கிறது. கடல்நீர் உள்ளே போகக்கூடாது என்று ரப்பர் பட்டை வைத்துச் செய்த கதவை மூடிவிட்டால், அவ்வளவு காற்று எந்த வழியாக உள்ளே வரும்?

இதற்கு மேல் உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன். 12 அங்குல விசிறி மணிக்கு ஆயிரம் கன மீட்டருக்கு மேல் வெளியே தள்ளும். பாய்லரின் ஐ.டி. ஃபேன், அதாவது புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி, சிம்னி வழியாக இழுக்கப் பார்க்கிறது; சுவர் விசிறி அதற்கு எதிராக அறையிலிருந்து இழுக்கிறது. போட்டியில் சுவர் விசிறி வென்றால், சிம்னிக்குப் போக வேண்டிய புகை சாம்பல் கதவு வழியாக அறைக்குத் திரும்பும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். எல்லாக் கதவுகளையும் மூடி, விசிறியையும் பாய்லரையும் ஓடவிட்டு, வெளியில் நின்றுகொண்டு கதவு இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை எவ்வளவு வேகமாக உள்ளே பாய்கிறது என்று பாருங்கள். பிறகு சுவர் விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் பாருங்கள். சாம்பல் கதவருகே சோதிப்பதாக இருந்தால் கையில் கார்பன் மோனாக்சைடு மானியுடனும், வெளியே துணைக்கு ஒருவருடனும் மட்டும் செல்லுங்கள்.

நீலமலை:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். விசிறி ஓடும்போது கதவின் கீழ் இடுக்கில் பிடித்த ஊதுபத்தியின் புகை கோடு கிழித்தாற்போல உள்ளே பாய்ந்தது, கங்குகூடப் பளபளவென்று எரிந்தது. விசிறியை நிறுத்தியதும் புகை மெல்ல வளைந்து உள்ளே போனது. விசிறி நின்றபின் சாம்பல் கதவிலும் கசிவு பெருமளவு குறைந்துவிட்டது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. விசிறியை நிறுத்தினால் வெப்பம் தாங்க முடியவில்லை. பெட்டிப்பட்டறை ஐயா கேட்ட பிளைவுட் தரை, பாய்லருக்கு அடியில் மட்டும் இரும்புத் தகடு போர்த்தி அப்படியே இருக்கிறது.

கொதிகலன்:

அப்படியானால் காரணம் தெளிவாகிவிட்டது. சுவர் விசிறியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையை லூவராக, அதாவது சாய்ந்த இதழ்கள் வைத்த காற்றுத் திறப்பாக, மாற்றுங்கள்; அது கூரையை ஒட்டிய உயரத்தில் இருந்தால் வெப்பக்காற்று தானாகவே வெளியேறும். எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், காற்று உள்ளே வருவதற்கு ஒரு திறப்பு வேண்டும். காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு மேல் பாயாமல் இருக்க, தடையில்லாத பரப்பு மட்டுமே 0.075 சதுர மீட்டர் தேவை. லூவர் இதழும் எலிவலையும் பாதியை மறைத்துவிடும் என்பதால் 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டராக வெட்டினால் கணக்குச் சரியாக வரும். அப்படியும் வெப்பம் மிஞ்சினால், கீழ்த் திறப்பில் காற்றை உள்ளே தள்ளும் விசிறியை வையுங்கள். வெளியே இழுக்கும் விசிறி பாய்லர் அறையில் எங்குமே வேண்டாம்.

மிச்சம் இருக்கும் கசிவுக்குச் சாம்பல் கதவின் ஓரத்தில் கசிவை அடைக்கும் கயிற்றுப் பட்டையைப் பாருங்கள், சிம்னியையும் பாருங்கள். கன்டெய்னருக்கு மேலே ஒரு மீட்டர் குழாய் மட்டும் நீட்டிவிட்டுப் போவது பலர் செய்யும் வேலை. பக்கத்தில் சில்வர் ஓக் மரங்களோ மேட்டுச் சரிவோ இருந்தால், காற்று மேலிருந்து அமுக்கும். இரட்டைச் சுவர்க் குழாயைச் சுற்றுப்புறத் தடைகளுக்கு மேலே எழுமாறு உயர்த்துங்கள்.

 

வேல்ஸ்வாசி:

வணக்கம். நான் வேல்ஸில் கட்டடப் பராமரிப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் 2011-இல் புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கான ஊக்கத்தொகை தொடங்கிய பிறகு, பள்ளிகளுக்கும் பண்ணைகளுக்கும் பாய்லரையும் எரிபொருளையும் கன்டெய்னரிலேயே அடக்கிக் கொண்டுவந்து இறக்குவது பரவலாயிற்று. நீங்கள் பார்க்கும் இரண்டு தொல்லைகளும் இங்கே பழக்கப்பட்டவையே.

பெட்டிப்பட்டறை ஐயாவின் ஒரு யோசனையை மட்டும் நான் வன்மையாக மறுக்க வேண்டியிருக்கிறது. பெல்லெட் கன்டெய்னரின் காற்றுத் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். மரப் பெல்லெட் எரியாமல் வெறுமனே கிடக்கும்போதும், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து மாறுவதால் கார்பன் மோனாக்சைடு வெளியாகிறது. உள்ளிருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. புதிய பெல்லெட்டில் முதல் சில வாரங்களுக்கு இது அதிகம், வெப்பம் ஏற ஏற இன்னும் அதிகம். 2002-இல் ராட்டர்டாமிலும் 2006-இல் சுவீடனின் ஹெல்சிங்போர்க்கிலும் பெல்லெட் ஏற்றிவந்த கப்பல்களில் இதனால் உயிர்கள் போயின. வீட்டுக்கும் பள்ளிக்குமான சிறிய சேமிப்பறைகளிலும் ஐரோப்பாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சிறு சேமிப்பறைகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 20023 என்ற தரநிலையும் வந்தது. பைன் மரத்தூள் பெல்லெட்டில் இது கூடுதல் என்றாலும், உங்களிடம் வருவது எந்த மரத்தூள் என்று யார் உறுதி சொல்வார்கள்?

எனவே, ஸ்க்ரூ அடைத்துக்கொண்டது என்று யாரும் சட்டென்று உள்ளே குதிக்கக்கூடாது. இரண்டு கதவுகளையும் முழுவதும் திறந்து வைத்து, நேரம் கொடுத்து, மானியில் அளவைப் பார்த்துவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கதவிலேயே இதைத் தமிழிலும், அங்கே வேலை செய்பவர்கள் படிக்கும் மற்ற மொழியிலும் எழுதி ஒட்டுங்கள்.

நீலமலை:

இது எங்களுக்கு முற்றிலும் புதிய செய்தி. ஆனால் துளைகளைத் திறந்து வைத்தால் பனிமூட்டம் நேராக உள்ளே வருகிறதே? கோத்தகிரியில் மழைக்காலத்தில் பல நாள்கள் வெளிக்காற்றே ஈரம்தான். அடைத்தால் விஷவாயு, திறந்தால் ஈரம் என்றால் இதற்கு நடுவில் எப்படி நிற்பது?

வேல்ஸ்வாசி:

வேல்ஸிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. வழி என்னவென்றால், காற்றைத் தடுக்காமல் தகடு குளிர்வதைத் தடுப்பது. ஈரக்காற்று உள்ளே வந்தாலும் அது படிவதற்குக் குளிர்ந்த இரும்பு இல்லையென்றால் சொட்டு விழாது. கூரையிலும் சுவரிலும் உட்புறமாக 50 மில்லிமீட்டர் வெப்பக் காப்புப் பலகை அடித்து, இணைப்புகளை நன்றாக ஒட்டிவிட வேண்டும். இடைவெளி விட்டால் ஈரம் பலகைக்குப் பின்னால் போய்த் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். அதோடு, கன்டெய்னருக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு ஒரு தகரக் கூரை போட்டால், பகலில் வெயிலும் இரவில் வெட்டவெளிக் குளிரும் பெட்டியின் கூரையை நேரடியாகத் தாக்காது. செலவுக்கு ஏற்ற பலன் தருவது இந்த வெளிக்கூரைதான்.

இன்னொன்று, நீங்கள் ஒரே சமயத்தில் எவ்வளவு நிரப்புகிறீர்கள்? பெல்லெட் ஸ்க்ரூவை நோக்கிச் சரிய வைக்கும் சாய்தளம் போக 20 கன மீட்டர் நிரப்பினாலும் 12 டன் ஆகிவிடும். நாளுக்கு ஆறு மணி நேர முழு எரிப்பு என்று வைத்தால், அது இரண்டரை மாதத்துக்குப் போதும். மழைக்காலத்தில் அவ்வளவு நாள் எந்தப் பெல்லெட்டும் தாங்காது. நல்ல பெல்லெட்டின் ஈரம் பத்து விழுக்காட்டுக்குள் இருக்கும். அது சற்றே ஏறினாலும் உதிரத் தொடங்கும். மூன்று வாரத்துக்கானதை மட்டும் நிரப்பி, அடியிலிருப்பது தீர்ந்த பிறகு அடுத்த லோடு இறக்குங்கள்.

பெட்டிப்பட்டறை:

வேல்ஸ் நண்பர் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. சரக்குப் பெட்டிக்குள் வழியில் ஆள் நுழைவதில்லை, இது ஆள் நுழையும் பெட்டி. வெட்டும் வேலைக்குச் சில குறிப்புகள். நான்கு மூலைத் தூண்களும் மேல், கீழ் விளிம்புச் சட்டங்களும்தான் பெட்டியின் பாரத்தைத் தாங்குகின்றன, அவற்றைத் தொடாதீர்கள். சுவர்த் தகட்டில் 40 சென்டிமீட்டர் திறப்பு வெட்டினால் பாதகமில்லை, சுற்றிலும் சதுரக் குழாய்ச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தால் போதும். சிம்னி போகும் இடத்தில் கூரைத் தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே கல்நார் வைக்காமல் ராக்வூல் (தீப்பிடிக்காத பாறைக் கம்பளி) வையுங்கள். காப்புப் பலகை பி.யூ.எஃப். (பாலியூரித்தேன் நுரை) என்றால் சூடான குழாயிலிருந்து அதைத் தள்ளி வெட்டிவிட வேண்டும், பாய்லர் கன்டெய்னருக்குள் அந்தப் பலகையே வேண்டாம், ராக்வூல்தான் சரி. பாய்லருக்கு அடியிலுள்ள பிளைவுட்டை முழுவதும் எடுத்துவிட்டு, குறுக்குச் சட்டங்களின் மேல் செக்கர் தகடு போட்டு, அதன்மேல் சிமென்ட் பலகை இடுங்கள். தகடு போர்த்திய மரம் உள்ளுக்குள்ளேயே கருகும், வெளியே தெரியாது.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஸ்க்ரூ போகும் துளையையும் கவனியுங்கள். தீ அந்த வழியாகப் பின்னோக்கி ஏறினால் அங்கே இருப்பது வெறும் இரும்புத் தகடு.

கொதிகலன்:

அந்தக் கடைசி வரியை நான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஸ்க்ரூவுக்கும் பாய்லருக்கும் நடுவே பெல்லெட் செங்குத்தாக விழும் இடைவெளியோ சுழல் வால்வோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஸ்க்ரூ குழாயில் வெப்பம் ஏறினால் மின்சாரம் இல்லாமலே திறந்து தண்ணீர் விடும் வால்வு ஒன்றையாவது பொருத்துங்கள். அதற்கான தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து தன் எடையாலேயே இறங்க வேண்டும், பம்ப்பை நம்பக்கூடாது.

நீலமலை:

இடைவெளி இருக்கிறது, வால்வு இல்லை, பொருத்திவிடுகிறோம். மின்சாரம் என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது. காற்று பலமாக அடிக்கும் நாள்களில் இங்கே அடிக்கடி மின்தடை ஏற்படுகிறது. அப்போது பாய்லருக்குள் ‘குமுகுமு’ என்று சத்தம் வருகிறது, சூட்டில் விரியும் தண்ணீர் ஏறுவதற்காக மேலே வைத்த விரிவுத் தொட்டியின் குழாயில் ஆவி வருகிறது. இது ஆபத்தா? பாய்லர் சட்டப்படி இதற்குச் சான்றிதழ் ஏதும் வேண்டுமா?

கொதிகலன்:

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். தண்ணீரை நூறு டிகிரிக்குக் கீழ் மட்டுமே சூடாக்கும் கலன், 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலும் அதற்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலும் பாய்லர் ஆகாது. அதனால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல.

மின்சாரம் நின்றதும் ஐ.டி. ஃபேனும் பம்ப்பும் நின்றுவிடுகின்றன. எரியும் தட்டிலிருக்கும் பெல்லெட் மட்டும் தொடர்ந்து எரிகிறது. உங்கள் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டை 85-இல் வைத்திருந்தால் சமவெளியில் 15 டிகிரி இடைவெளி கிடைக்கும், உங்களுக்கு ஒன்பதுதான். நீங்கள் கேட்டது கொதிக்கும் சத்தம். தெர்மோஸ்டாட்டை 75-க்கு இறக்குங்கள். சுற்றுப் பம்ப்புக்கு மட்டும் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்து, தட்டிலிருப்பது எரிந்து முடியும்வரை வெப்பத்தை வெந்நீர்த் தொட்டிக்குக் கடத்துங்கள். ஐ.டி. ஃபேனுக்கும் அந்த இன்வெர்ட்டர் தாங்குமானால் அதையும் சேர்த்துவிடலாம்; அப்போது புகையும் உள்ளே திரும்பாது. விரிவுத் தொட்டிக்குப் போகும் குழாயில் வால்வு எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் இன்றே கழற்றுங்கள். குழாயின் திறந்த முனை கன்டெய்னருக்கு வெளியே, ஆள் நடக்காத பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்குங்கள்: ஒன்று பாய்லர் பெட்டிக்குள் மூச்சுவிடும் உயரத்தில், மற்றது எரிபொருள் பெட்டிக்குள், ஆனால் அதன் ஒலியும் விளக்கும் கதவுக்கு வெளியே இருக்குமாறு.